சக்கரவர்த்தியின் மறுவருகை

பூவுலகத்தோர் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், முன்னங்கால் எலும்பு முறிந்து பத்து மாதம் ஓய்வில் இருந்த பந்தயக் குதிரை சக்கரவர்த்தி, வரும் ஞாயிறன்று மீண்டும் களத்தில் எழுந்தருளுகிறார். முதலாளி ஜம்புலிங்கம் பேனரே அடித்துவிட்டார். அதில் குதிரையைவிட அவர்தான் பெரியவர். டாக்டர் முன்னால் ஓட்டிக் காட்டுவது ஒன்றுதான் பாக்கி. குதிரை விழுந்த அன்று அதன் அடியில் சிக்கித் தன் முழங்காலும் உடைந்து, நாட்டுக்கட்டோடு பிழைத்துக்கொண்ட லாயக்காரன் தஸ்தகீர் கடிவாளத்தைப் பிடித்தான். குதிரை தேறினால்தான் அவனுக்கு வேலை. நொண்டி நொண்டி ஓடினான். குதிரையும் நொண்டியது.

"எக்ஸ்ரேல எலும்பு நல்லா கூடியிருக்கே!" என்றார் டாக்டர்.

"இந்த நொண்டிப் பயகூட நடந்து நடந்து அதுக்கும் தொத்திக்கிச்சு சார்!" என்று ஜம்புலிங்கம் கத்தினார். "டேய், கயித்தக் குடுத்துட்டு வெளிய போடா!"

"பத்து மாசமா அதுக்குச் சாணி அள்ளுனது நீங்களா மொதலாளி?"

காவலாளி அவன் கழுத்தில் கைவைத்துத் தள்ளினான். தஸ்தகீர் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். நேரான கால்கள் கொண்ட ஒருவன் வந்து கடிவாளத்தைப் பிடித்தான். ஜம்புலிங்கம் கைதட்டத் தயாராக இரு கைகளையும் தூக்கினார். ஓட்டினார்கள்.

குதிரை அப்போதும் நொண்டியது.