குழாய்நீரில் அலசிய லென்ஸ்

மார்ச் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகல், கண் மருத்துவமனையின் இருட்டறையில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஆய்வாளர் தம் முகவாயைக் கருவியின்மேல் பதித்து அமர்ந்திருக்கிறார். ஒளிக்கீற்று படும்போதெல்லாம், பால்போல் வெளுத்த வலக்கண்ணிலிருந்து நீர் வடிகிறது. விரல்கள் நாற்காலியை இறுகப் பற்றுகின்றன. தொட்டிநீரிலுள்ள நுண்ணுயிர்களைப் பார்க்க நுண்ணோக்கியில் குனியுமுன் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி, பிறகு ஆய்வகக் குழாய்நீரில் அலசி அணிவது அவர் வழக்கம். "அமீபாதாம்மா, குழாய்த் தண்ணியிலேருந்து லென்ஸ் வழியா வந்திருக்கு. மருந்துக்கு அடங்கல" என்கிறார் மருத்துவர். "எங்க தொட்டியில அதுதான் டாக்டர் பாக்டீரியாவைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்குது" என்கிறார் ஆய்வாளர். "தினமும் எட்டிப் பார்த்தியேடி, இப்ப அது உன்னை எட்டிப் பார்க்க வந்துடுச்சு" என்று சொன்ன, துணைக்கு வந்திருந்த அவர் அக்கா, சிரிக்கவும் முடியாமல் வாயைப் பொத்திக்கொள்கிறார். "இன்னொரு கண்ணு?" என்று ஆய்வாளர் கேட்கிறார். "அதுல இல்லம்மா." பார்வை மீளாது, வலியும் தீராது என்பதால், வலக்கண்ணை வியாழக்கிழமை அகற்றிவிடுவதென முடிவாகிறது.