மூன்றாம் வரியில் ஒரு தப்பு

ஆட்டுக்கொட்டிலைச் சுற்றி நாலு மீட்டர் உயரத்துக்கு மதில் இருந்தது. உள்ளே இருந்த வெள்ளாடு இயற்பியலில் புலி.

ஒருநாள் சிறுத்தை ஒன்று கதவிடுக்கு வழியாக ஒரு தாளை உள்ளே தள்ளியது.

"அக்கா, வீட்டுப்பாடம். நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் மேலே எம்பினா நாலு மீட்டர் மதிலைத் தாண்ட முடியுமா? நான் போட்டா முடியாதுன்னே வருது."

வெள்ளாடு கதவை விட்டு இரண்டடி தள்ளி நின்றது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்றாம் வரியில் இருந்த தப்பு அதன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

"வேகத்தை ஸ்கொயர் பண்ணாம விட்டுட்டியே தம்பி! நாலு மீட்டருக்கு மேலேயே வருது பார். தாராளமா தாண்டலாம்."

திருத்திய தாளை வெளியே தள்ளியது.

"ரொம்ப நன்றிக்கா."

சிறுத்தையின் காலடிச் சத்தம் மெல்லப் பின்னால் போய், ஓடிவரத் தேவையான தூரத்தில் நின்றது.