எர்த் கம்பி

தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் திருவிழா மேடையில் ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று விடாமல் இரைகிறது. கொழுந்து பறிக்கும் ரஞ்சனிக்கு இன்றுதான் முதன்முதலாகப் பாட மேடை கிடைத்திருக்கிறது. மைக்கில் உதடு பட்டதும் கரண்டு சுள்ளென்று அடிக்க, பின்வாங்குகிறாள். “எர்த் சரியில்லைங்க தலைவரே. கம்பி அடிச்ச மண்ணு காய்ஞ்சு கெடக்கு, ரெண்டு குடம் தண்ணி ஊத்தச் சொல்லுங்க,” என்கிறார் மைக்செட் பொன்ராஜ். “குடிக்கவே தண்ணியக் காணோம், உன் கம்பிக்கு வேறயா?” என்றபடி விழாக் கமிட்டித் தலைவர் எல்லப்பன் மேடைக்குப் பின்னால் போகிறார். பொங்கல் அடுப்புக்கு நாலடி தள்ளி, பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, வேட்டியை ஒதுக்கிக் கம்பியின்மேல் மூத்திரம் பெய்கிறார். கூடப் போன கமிட்டி ஆட்கள் இருவரும் இளித்துக்கொண்டே சேர்ந்துகொள்கிறார்கள். மண் நுரைக்கிறது. வெயிலில் நாற்றம் பலகை இடுக்கு வழியே மேடைக்கு ஏறுகிறது. இரைச்சல் அடங்குகிறது. கூட்டம் கைதட்டுகிறது. “ஏனுங்க, இனி எல்லா ஊரு நோம்பி திருவிழாவுக்கும் உங்களையே கூட்டிட்டுப் போயர்றனுங்க,” என்று பொன்ராஜ் சிரிக்கிறார். எல்லப்பன் மேடையேறி, ஈரம் காயாத கையால் மைக்கை எடுத்து நீட்டுகிறார். “பாடு புள்ள, இனி ஒண்ணும் பண்ணாது.” மறுத்தால் மேடை வேறு ஆளுக்குப் போய்விடும். ரஞ்சனி அதை முந்தானையால் பிடித்து வாங்குகிறாள். மூச்சை அடக்கிக்கொண்டு பாட முடியாது. அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்து, முதல் அடியைப் பாடுகிறாள்.