எந்தச் சீமையிலும் விளையும்

"சுட்டெரிக்கும் வெயிலானாலும் சரி, உறைய வைக்கும் குளிரானாலும் சரி, இந்தச் சர்க்கரை பீட்ரூட் ஒரே மாதிரி அமோகமாக விளைகிறது" என்று அறிக்கை எழுதிய ஆராய்ச்சியாளருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. நாலாயிரம் விவசாயிகளுக்கு விதையும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அறிக்கைக்கு அட்டைப் படம் எடுக்க, பயிரைச் சோதித்த இரண்டு பண்ணைகளில் வெயில் சீமைப் பண்ணையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினார்.

சோதனை வயல் இருந்த இடத்தில் பெரிய துணிப் பந்தல் நின்றது. சுற்றிலும் நனைத்த சாக்குகள். உள்ளே நாலு மின்விசிறிகள் சுழல, பீட்ரூட் இலைகள் ஒய்யாரமாக ஆடிக்கொண்டிருந்தன.

"என்னய்யா இது?"

"நீங்கதானே சார் லெட்டர்ல எழுதினீங்க, சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்கணும்னு," என்றார் பண்ணைக்காரர். "பெத்த பிள்ளைய யாராவது வெயில்ல போடுவாங்களா?"

ஆராய்ச்சியாளர் கேமராவை மூடிப் பைக்குள் வைத்தார். குளிர்ப் பண்ணையாவது கைகொடுக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அதைக் கவனிக்கும் அம்மாவுக்கு ஃபோன் போட்டார்.

"நாளைக்குப் படம் எடுக்க அங்க வர்றேம்மா."

"தாராளமா வாங்க சார். கம்பளிக் கோட்டு மட்டும் வேண்டாம்," என்றார் அந்த அம்மா. "நம்ம பிள்ளைங்களுக்காக ராவும் பகலும் அடுப்பு எரியுது. உள்ள வந்தா வேர்த்துக் கொட்டிரும்."