காதில் பஞ்சோடு ஒரு கதை

மழலையர் வகுப்பின் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொட, டீச்சரின் கணவர் உட்கார்ந்திருக்கிறார். பஸ் ஓட்டுகிறவர். மனைவியைக் கூட்டிப்போக வந்தவரை, அவள் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து உட்கார வைத்துவிட்டாள். நாளைக்கு வகுப்பில் சேரப்போகும் சிறுமிக்குக் காது கேட்காது. மற்ற பிள்ளைகள் சிரிக்கும்போது அவள் மட்டும் புரியாமல் விழிக்கக் கூடாதே என்றுதான் இந்த ஒத்திகை. சாயங்கால வெயில் படப்புத்தகத்தின் வழவழப்பான தாளில் பட்டு, கூரையில் ஆடுகிறது. ஆற்றைக் கடக்கும் வாத்துக்குஞ்சின் கதை. எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் டீச்சர் குனிந்து முதல் பக்கத்தை வாசிக்கிறாள்.

"ஒண்ணுமே புரியலம்மா!" ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார். "நீ குனிஞ்சா உன் மூஞ்சியே தெரியல. மூஞ்சியைத் தேடுறதுக்குள்ள படம் போயிடுது."

"மெதுவாப் பேசுங்க, எனக்குக் காது கேக்குது" என்று சிரிக்கிறாள். ஆனால் முகம் யோசனையில் விழுகிறது. இத்தனை வருஷமும் குனிந்துதான் வாசித்திருக்கிறாள். புத்தகத்தைத் தூக்கிக் கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்கிறாள். அவர் படத்தைப் பார்த்து முடிக்கும்வரை வாய் திறப்பதில்லை. அவர் கண்கள் தன் முகத்துக்கு வந்த பிறகே குஞ்சின் பயத்தைப் புருவத்தில் கொண்டுவருகிறாள். அடுத்த பக்கத்தில், தண்ணீருக்கடியில் முதலை. அவளுடைய ஒரு கை வாய் பிளந்து, தரையோடு தரையாக நாற்காலியை நோக்கி ஊர்கிறது. அந்தப் பெரிய மனிதர் இரண்டு கால்களையும் வெடுக்கென்று நாற்காலிமேல் தூக்கிக்கொள்கிறார்.