வணக்கம் சொல்லாத ஸ்விட்ச்

"உன் ஸ்விட்ச் வாயில என்ன, கென்கே மாவுருண்டையா? ஒரு வணக்கம் வைக்கச் சொல்லு அதை."

"என் ஸ்விட்ச் பத்து செகண்டுக்கு ஒரு தடவை மரியாதையா வணக்கம் வைக்குது மேடம்." டார்க்வா கிளையிலிருந்து குவாமெனாவின் குரல் போன் ஸ்பீக்கரில் வழிந்தது. "உங்களதுதான் கடற்கரைப் பட்டணத்துத் திமிர்ல மூஞ்சியத் திருப்பிக்குது."

டகோராடி தலைமை அலுவலகத்தின் புது மேலாளர் ஈபோ குவான்சா நெற்றியைத் தடவிக்கொண்டார். காலையிலிருந்து இதே கச்சேரி. இரண்டு ஊர்க் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி இருந்த அலமாரியின் முன்னால் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அராபா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அந்த மரக் கம்பெனியில் இதுவரை எந்தத் தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை அராபாதான் கையால் பதிந்துவைப்பாள். வழியில் ஒரு கேபிள் அறுந்தால் போதும், அவள் மதியச் சாப்பாட்டை முடித்துக் கைகழுவி வந்து வேறு வழியைப் பதியும்வரை டார்க்வா கிளை பூமியிலேயே இருக்காது.

இனி அந்தத் தொல்லை இல்லை. இரண்டு ஊர் ஸ்விட்ச்சுகளும் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லி, திறந்திருக்கும் வழியைத் தாங்களே பேசி முடிவுசெய்துகொள்ளும். இடையில் எவனாவது புகுந்து பொய் வழி காட்டிவிடக் கூடாதே என்று இரு பக்கமும் ஒரே ரகசியச் சொல். அது பொருந்தினால்தான் பேச்சுவார்த்தை.

அந்தப் பேச்சுவார்த்தைதான் நடக்கவில்லை. முதலில் வணக்க இடைவெளி ஒத்துப்போகவில்லை என்றார்கள். சரிசெய்தார்கள். பிறகு, பகுதி எண் வேறாக இருக்கிறது என்றார்கள். அதையும் மாற்றியாயிற்று. இப்போது ரகசியச் சொல்லில் வந்து நின்றிருந்தது வண்டி.

"இன்றைக்கே ஓடும்" என்று அக்ராவிலிருக்கும் இயக்குநரிடம் குவான்சா வாக்குக் கொடுத்திருந்தார். ஸ்விட்ச்சைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை விளக்கு எரிந்தால் நல்லது என்பதுதான். தெரியாத விஷயத்துக்கு வாக்குக் கொடுக்கத்தானே மேலாளர்.

"ரகசியச் சொல்லை ஒழுங்கா அடிச்சியா?" என்றாள் அராபா.

"அடிச்சேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சவங்க அந்தப் பக்கம் யாராவது இருந்தா சரிபாக்கச் சொல்லுங்க."

"பெரிய எழுத்து, சின்ன எழுத்தெல்லாம் பாத்தியா?"

"பெரிய மனசு பண்ணி ரெண்டும் போட்டிருக்கேன்."

"மூளையையும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

அந்த நேரம் பார்த்து குவான்சாவின் செல்போன் அடித்தது. இயக்குநர்.

"என்ன குவான்சா, இன்னும் ஆகலையா? பரவாயில்ல, அவசரமில்ல. உங்க இடத்துக்கு வேற ஆளு தேடவும் எனக்குக் கொஞ்சம் நேரம் வேணுமில்ல."

போனை வைத்தபோது குவான்சாவின் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

"போதும்," என்றார். "அராபா, ஆபீஸ் வண்டிய எடுத்துக்கிட்டு இப்பவே டார்க்வா கிளம்பு. அந்த ஆளு பக்கத்துலயே உக்காந்து சரிபண்ணு."

அராபாவின் முகம் கறுத்தது. "அந்த ஆளு பக்கத்துலயா? வேற ஏதாவது தண்டனை குடுங்க சார்."

"அனுப்பாதீங்க சார்," ஸ்பீக்கரிலும் கெஞ்சல். "நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்தா கொலை விழும்."

குவான்சாவுக்கு வெகுநாள் கழித்து நெஞ்சு குளிர்ந்தது. முறைத்துக்கொள்ளும் இருவரை ஒரே கூண்டில் அடைத்தால் தானாக வழிக்கு வருவார்கள் என்று மேலாளர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைச் செய்துபார்க்க இப்போதுதான் ஆள் கிடைத்திருந்தது.

"ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. மாசக் கடைசி வரைக்கும் அங்கயே இரு. லைன் நிலையா நிக்குதான்னு பாரு. அப்பத்தான் ரெண்டு பேருக்கும் புத்தி வரும்."

"மேலாளர் உத்தரவுன்னா மீற முடியுமா சார்," என்று பெருமூச்சுடன் லேப்டாப்பை மூடினாள் அராபா.

வண்டி துறைமுகச் சாலையைத் தாண்டியிருக்காது, அலமாரியில் பச்சை விளக்கு சிமிட்டியது. டார்க்வாவின் மரக்கட்டைக் கணக்குகள் திரையில் மளமளவென்று வந்து விழுந்தன.

குவான்சா உடனே அக்ராவைக் கூப்பிட்டார். "எல்லாம் ஓடுது சார். மிஷின்ல ஒண்ணுமில்ல. ஆளுங்களை எங்க அழுத்தணும்னு தெரியணும், அவ்வளவுதான்."

இயக்குநர் பாராட்டிய பாராட்டில் அவருக்குப் பெருந்தன்மை பொங்கியது. பாவம், சின்னஞ்சிறுசுகள், மிரட்டியது போதும், அராபாவைப் பாதி வழியிலேயே திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதைக் குவாமெனாவிடம் சொல்லி அவன் வயிற்றிலும் பாலை வார்க்க டார்க்வாவுக்கு போன் போட்டார். வரவேற்பில் இருக்கும் எக்குவா எடுத்தாள்.

"குவாமெனா இல்லையே சார். சரியான ரகசியச் சொல்லைப் போட்டுட்டு, வீட்டைக் கூட்டிப் பெருக்கணும்னு அப்பவே ஓடிட்டாரு," என்றாள் அவள். "கல்யாணம் ஆனதுலேருந்து ரெண்டும் ஆளுக்கொரு ஊர்ல கெடந்துச்சுங்க, உங்க புண்ணியத்துல இன்னைக்குத்தான் சார் அராபா குடித்தனம் பண்ண வர்றா."