ஆமாங்க

டாக்டர் என்ன கேட்டார் என்று கண்ணையனுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

“ஆமாங்க.”

சொன்ன பிறகுதான் வக்கீலின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்கீல் தெய்வசிகாமணி முகத்துக்கு நேரே நின்று, உதட்டசைவு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருந்தார். காதுக்கும் இப்போது சட்டத்தில் நஷ்டஈடு உண்டு, டாக்டர் செவிடு என்று எழுதினால்தான் கிடைக்கும், கேட்காததற்கெல்லாம் ஆமாங்க போட்டுவிடாதே என்று.

பாழாய்ப்போன பழக்கம்.

சுரங்கத்தில் கரி உடைக்கும் மிஷின் பக்கத்தில் ஒன்பது வருஷம் கான்ட்ராக்ட் வேலை. காது அடைத்தே மூன்று வருஷம் ஆகிறது. தெரிந்தால் மேஸ்திரி மறுநாளே நிறுத்திவிடுவான். அதைவிட, அவன் ஊர் வடக்குத்துத் தெருவில் சின்னப் பிள்ளைகூட ‘செவிடன்’ என்று கூப்பிடுமே, அந்த வெட்கம். அதனால் யார் வாய் அசைந்தாலும் ஒரு சிரிப்பு, ஒரு ஆமாங்க.

அபாயச் சங்கு ஊதியது கேட்காமல் நின்று, வேலை போன பிறகுதான் பெண்டாட்டி தனத்திடமே ஒத்துக்கொண்டான்.

இப்போது டாக்டர் அவன் முதுகுப் பக்கம் போய் நின்றிருந்தார். எதிரே இருந்த தனமும் வக்கீலும் முதலில் டாக்டரைப் பார்த்தார்கள், பிறகு இவனைப் பார்த்தார்கள். பதிலுக்குக் காத்திருக்கும் முகங்கள். அதைக் கண்டால் ஆமாங்க தானாக வந்துவிடும். வந்துவிட்டது.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வக்கீல் குனிந்துகொண்டார். எதற்கென்று தெரியாமல் கண்ணையனும் சிரித்துவைத்தான்.

டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும், “கெடுத்துட்டேனுங்களே ஐயா” என்றான்.

வக்கீல் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, மெதுவாக வாயசைத்தார். முழுச் செவிடு என்றே எழுதிவிட்டாராம். நடிக்கிறவன் பேசாமல் இருந்திருப்பானாம். பின்னாலிருந்து டாக்டர் கேட்டது, “உன் பேரு பெரியநாயகியா?”

நஷ்டஈடு கிடைத்துவிடும். சந்தோஷப்பட வேண்டியதுதான். கண்ணையனுக்கோ உடம்பெல்லாம் கூசியது. மூன்று வருஷமாக டீக்கடையில், பஸ்ஸில், சாவு வீட்டில் எதற்கெல்லாம் ஆமாங்க சொன்னோமோ? எத்தனை பேர் வேண்டுமென்றே கேட்டுவிட்டுச் சிரித்தார்களோ?

தனத்தின் பக்கம் திரும்பினான்.

“நான் சொல்றதுக்கு முன்னாலியே உனக்குத் தெரியுமா?”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு உதடு அசைந்தது.

அந்த ஒரு சொல்லை மட்டும் அவன் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.